குப்பையில் கிடந்த அட்டை

எங்கள் வீட்டில் மிஞ்சியது எதுவும் வீணாகாது. பழைய சேலை, தம்பி போட்டுக் கழித்த சட்டை, பிடி உடைந்த தூக்குவாளி, பொங்கலுக்குச் சுட்டு நமத்துப்போன முறுக்கு, எல்லாம் எங்கள் புஞ்சைக்கு மிளகாய்ப் பழம் எடுக்க வரும் அக்காவின் வீட்டுக்குப் போய்விடும். அதைத் தருமம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அந்த அளவுக்கு அடக்கம் உண்டு. ஆனாலும் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது முகத்தில் ஒரு களை வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாத்திரை அட்டையைக் கொடுத்த அன்றும் எனக்கு அது வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா என்று கூப்பிடுவது நான் மட்டும்தான். அம்மாவுக்கு அவள் ‘ஏத்தா’. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் தவழ்கிற காலத்தில் என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே களை எடுத்தாளாம். அவள் வீடு நிற்பது எங்கள் புஞ்சை ஓரத்தில். அந்த இடத்துக்குப் பட்டா எங்கள் அய்யா பேரில் இருக்கிறது. இரண்டு தலைமுறையாக யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, பேச வேண்டிய தேவையும் வந்ததில்லை. தனியாக இருக்கும்போது என்னைத் ‘தாயி’ என்பாள். நாலு பேர் இருந்தால் ‘டீச்சர்’.

நான் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளியின் நுகர்வோர் மன்றத்துக்கும் நான்தான் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், பில் கேளுங்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்து வாங்காதீர்கள் என்று முழங்குவேன். மாவட்ட அளவில் கேடயம்கூட வாங்கியிருக்கிறோம். இன்னொரு பெருமையும் எனக்குண்டு. எங்கள் வீட்டிலேயே அக்கா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அம்மா அந்தப் பக்கம் போனால் வாசலோடு திரும்பிவிடுவாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து, செம்பை வாங்கி அண்ணாந்து குடிப்பேன். அதை நாலு பேரிடம் சொல்லவும் செய்வேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தது. விரல்கள் வீங்கி, காலையில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் அழுவாள். மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இது வலி மாத்திரை இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மருந்து, வாரத்தில் ஒரே ஒரு நாள், தினமும் போட்டால் விஷம். மூன்று தடவை சொன்னார். சீட்டில் தமிழில் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி வட்டம் போட்டார். வாயில் புண் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கூட்டிவர வேண்டும் என்றார்.

நான் யார்? நன்றாகப் படித்தவள். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் சிவப்பு மையில் சுழித்தேன். மாத்திரையைத் தனி டப்பாவில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தேன். வாராவாரம் அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். நாக்குக்கு அடியில், கன்னத்தின் உள்பக்கம், ஈறு, எல்லாம் பார்ப்பேன். அம்மாவே சலித்துக்கொள்வாள், மாட்டுச் சந்தையில பல்லுப் பாக்குற மாதிரி பாக்குறாளே என்று.

மூன்று நாலு மாதத்தில் அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். களத்துக்கு வந்து மிளகாய் கிளறுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுக்கும் முழங்கால் வலி. மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் மிளகாய்ப் பழம் எடுப்பு. காலையிலிருந்து உச்சிவெயில் வரைக்கும் குனிந்த இடுப்பு நிமிராது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதே வாரம் மதுரை டாக்டர் அம்மாவுக்கு அளவைக் கூட்டி, வேறு அட்டை எழுதிவிட்டார். பழைய அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம்.

மிஞ்சியது எதுவும் எங்கள் வீட்டில் வீணாகாது என்றேனே.

அன்று பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஸ்கூட்டியில் போகிற வழியில் அக்கா தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டு புஞ்சைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வண்டியை ஓரம் கட்டினேன். இன்ஜினை அணைக்கவில்லை. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்து, “அம்மா போடுற மாத்திரைதான்க்கா. ஒண்ணு போட்டாப் போதும்” என்றேன். வாரத்துக்கு ஒன்று என்று சொல்லவில்லை. சொன்னேனோ என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆசையில், சொன்னது மாதிரியே ஒரு ஞாபகத்தைக்கூட உண்டாக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. நான் சொல்லவில்லை. எனக்கு முதல் பெல் அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது.

வேலைக்குப் போகிற பெண்களுக்கு வலி மாத்திரை என்றால் காலையில் நீராகாரத்தைக் குடித்துவிட்டு ஒன்று. அக்காவும் அப்படியே போட்டிருக்கிறாள். ஏழு நாளில் ஏழு முடிந்தது. காலி அட்டையை முந்தியில் முடிந்துகொண்டு கடைத்தெரு மெடிக்கலுக்குப் போயிருக்கிறாள். எங்கள் பக்கம் மருந்து வாங்குவது அப்படித்தான். டாக்டர் சீட்டு எங்கேயாவது தொலைந்துபோகும், அட்டை தொலையாது. அட்டையை நீட்டி, இதே மாதிரி குடுங்க என்றால் கொடுப்பார்கள். கடைக்காரர் பத்து மாத்திரை வெட்டி, கவரில் போட்டு, ‘காலை 1’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். பில் கிடையாது. சீட்டு எங்கே என்ற கேள்வியும் கிடையாது.

பழம் எடுப்பு மும்முரமாக நடந்த ஒரு சனிக்கிழமை நான் களத்துக்குப் போனேன். காய்ந்துகொண்டிருந்த வத்தலின் நெடி தூரத்திலேயே மூக்கில் ஏறியது. அக்கா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். என்னக்கா என்றேன். வாயெல்லாம் புண்ணு தாயி, உப்புப் பட்டாலே எரியுது என்றாள். காட்டுங்க என்றேன். திறந்து காட்டினாள். வெள்ளை வெளேரென்று புண், நாக்கின் ஓரம் முழுவதும்.

நான் சிரித்தேன். கேலியாக இல்லை, உரிமையோடு. மிளகாய் எடுப்பு வந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்புண் வரும். கையெல்லாம் காந்தும், கண் எரியும், தண்ணீர் பத்தாது. சூடு என்று சொல்லி மோரைக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் அதையேதான் சொன்னேன். “மிளகாச் சூடுக்கா. மணத்தக்காளிக் கீரையை அவிச்சுச் சாப்பிடுங்க, சரியாப் போயிரும்.” அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, டார்ச் அடித்து, வாயைப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். மறந்துவிட்டேன் என்பது உண்மை. அக்காவுக்கு அட்டை கொடுத்தது என் நினைவிலேயே இல்லை. பழைய சேலை கொடுத்தால் நினைவு வைத்துக்கொள்கிறோமா? என் அம்மாவின் வாயில் தேடித் தேடிப் பார்த்தது எதுவோ, அது அக்காவின் வாயில் பட்டப்பகலில், டார்ச் இல்லாமலே தெரிந்தது. நான் கீரை சாப்பிடச் சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்து அக்கா களத்திலேயே மயங்கி விழுந்தாள். ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் கொதித்தது. ஆட்டோவில் ராமநாதபுரம் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் மகன் நேராக மதுரைக்கு வந்துவிட்டான். அவளுக்கு அவன் ஒருவன்தான்.

பள்ளியில் இடைவேளை நேரத்தில் அவன் எனக்குப் போன் செய்தான். அம்மா ஏதாவது மாத்திரை போட்டாளா என்று டாக்டர்கள் கேட்கிறார்கள், பக்கத்து வீட்டில் சொல்லித் தேடச் சொன்னதில் கவரும் அட்டையும் கிடைத்தது, வெட்டிக் கொடுத்ததால் அட்டையில் பேர் பாதிதான் இருக்கிறது, போட்டோ அனுப்புகிறேன் பாருங்கள் என்றான். பார்த்தேன். மஞ்சள் மாத்திரை இரண்டு, கவரில் ‘காலை 1’. ஆசிரியர் அறையில் யாரோ வடை பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அவனைத் திரும்பக் கூப்பிட்டு மருந்தின் பேரைச் சொன்னேன். வாரத்துக்கு ஒன்று போட வேண்டியது, அக்கா தினமும் போட்டிருக்கிறாள், இதை இப்போதே போய் டாக்டரிடம் சொல் என்றேன். அதுவரை நான் செய்தது சரி. உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர் என்று கேட்டான். எங்கம்மாவுக்கும் இதே மாத்திரைதான் என்றேன். அதுவும் உண்மை. “மெடிக்கல்காரன் மாத்திக் குடுத்துட்டான் டீச்சர்” என்றான் அவன். பெல் அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் பேர் தெரிந்ததால் மாற்று மருந்து உடனே ஏற்றினார்களாம். ரத்தம் ஏற்றினார்கள். பதினெட்டு நாள் கிடந்து பிழைத்தாள். “நீங்க மட்டும் சொல்லலேன்னா எங்கம்மா இல்ல டீச்சர்” என்று அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று போயிருந்தேன். கும்பிட்ட கையைப் பார்த்ததும் சொல்ல வந்தது உள்ளேயே போய்விட்டது. உள்ளே அக்கா தலைமுடி கொட்டி, உதடு வெடித்து, பேச முடியாமல் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்றாள். நான் படுங்க படுங்க என்றேன். அவள் கண்ணை என்னால் நேரே பார்க்க முடியவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தாள். உயிர் வந்தது, பழைய உடம்பு வரவில்லை. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது, வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். புஞ்சை வேலையே வாழ்க்கையாக இருந்தவள் நிழலில் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிறவள் ஆனாள்.

ஒரு மாதம் கழித்து மகன் என்னிடம் வந்தான். கையில் கவர், அட்டை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள். “நீங்கதான கன்ஸ்யூமர் மன்றம் நடத்துறீக. அவனை விடக் கூடாது டீச்சர். ஒரு மனு எழுதிக் குடுங்க” என்றான். எனக்கு எல்லாம் மனப்பாடம். மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம், கடைமேல் நடவடிக்கை எடுப்பார்கள். நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும், வக்கீல் இல்லாமலே போடலாம், வேண்டுமென்றால் இலவச சட்ட உதவியில் வக்கீல் கேட்கலாம், அட்டையையும் கவரையும் பத்திரமாக வை, அவன் கையெழுத்து இருக்கிற கவர்தான் சாட்சி. மேடையில் பேசுவதுபோலவே மளமளவென்று சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மனு எழுதினேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளுக்குத் தெரியும். மிச்ச அட்டையை டப்பாவிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்ததே அவள்தான்.

“நம்ம குடுத்தத எழுதாத” என்றாள். “ஏழு மாத்திரையில இம்புட்டு ஆகியிருக்காது. அவன் குடுத்த பத்துதான் ஆளைச் சாய்ச்சிருக்கு. உனக்கு அரசாங்க உத்தியோகம்.”

எனக்கு அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. அது அம்மா வாயிலிருந்து வந்ததால், அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று வைத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது. மூட்டு வலி மாத்திரை வாங்குவதற்காக அட்டையைக் காட்டிக் கேட்டபோது, டாக்டர் சீட்டு இல்லாமல், எச்சரிக்கை எதுவும் சொல்லாமல், தினமும் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று எழுதினேன். ஒரு பிழை இல்லாத மனு. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. இல்லாமல் போனது ஒரே ஒரு வரி.

ஆய்வாளர் வந்து பார்த்தார். கடையைச் சில நாள் பூட்டி வைத்தார்கள். பிறகு திறந்தார்கள். ஒரு தடவை அந்தக் கடைக்காரர் என்னைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்து, “எல்லாரும் அட்டையக் காட்டித்தான வாங்குறாக டீச்சர். நான் ஒருத்தன்தான் குத்தவாளியா?” என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கிருந்து வந்தது அந்தத் திமிர் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் போட்ட வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. வாய்தாவுக்கு நானும் அக்காவும்தான் பஸ்ஸில் ராமநாதபுரம் போவோம். மகன் திருப்பூருக்குத் திரும்பிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அக்கா நான் கொடுத்த ஊதாச் சேலையைத்தான் உடுத்தி வருவாள். அவளிடம் இருப்பதில் அதுதான் நல்ல சேலை. ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு ஓரத்தில் உட்காருவாள். அந்த மாத்திரையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பருவமழை, மகனுக்குப் பெண் பார்ப்பது, வத்தல் விலை என்று மற்றதெல்லாம் பேசினோம். அவளுக்கு ஒருவேளை நான் கொடுத்தது நினைவில்லையோ என்றுகூட நம்பப் பார்த்தேன். கேட்டால் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

கடைக்காரரின் வக்கீல் கேள்விகளை எழுதிக் கொடுத்தார். பதினோரு கேள்வி. பதிலைச் சத்தியப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எங்களுக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் சின்ன வயசுக்காரர். நீங்களே அந்தம்மாவிடம் கேட்டு, அவர் சொல்கிறபடி தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள் டீச்சர், நான் முறைப்படி டைப் செய்து கைநாட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று என்னிடமே கொடுத்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். வேப்பமர நிழலில் சாக்கை விரித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். வயதென்ன, தொழிலென்ன, கடைக்கு எத்தனாம் தேதி போனீர்கள் என்று மூன்று கேள்வி முடிந்தது. நாலாவதைப் பார்த்ததும் தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

“என்னன்னு வாசிங்க தாயி” என்றாள்.

வாசித்தேன். முதன்முதலில் அந்த மாத்திரை உங்களுக்கு யாரிடமிருந்து கிடைத்தது, எப்படிப் போடச் சொன்னார்கள்?

அக்கா நிமிரவில்லை. இரண்டு மூன்று வத்தலுக்குக் காம்பு கிள்ளி முறத்தில் போட்டாள். பிறகு சொன்னாள்.

“குப்பையில கெடந்துச்சு, மூட்டுவலி மாத்திரைன்னு நெனச்சு எடுத்துப் போட்டேன்னு எழுதுங்க.”

“அக்கா...”

“எழுதுங்க தாயி. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதுல்ல.”

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. நான் வண்டியை அணைக்காமல் நின்றதுகூட நினைவிருந்திருக்கும். இந்த ஒரு வருஷமும், அத்தனை பஸ் பயணத்திலும், என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று பார்த்திருக்கிறாள். நான் திறக்க மாட்டேன் என்று தெரிந்ததும் அவள் எனக்காகத் திறந்தாள். அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். பேனாவை மூடியிருக்க வேண்டும்.

எழுதினேன். குப்பையில் கிடந்தது, எடுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவேனே, அதே குண்டு குண்டான கையெழுத்து. அடுத்த வாரம் வக்கீல் அலுவலகத்தில் அவள் பெருவிரலை மையில் நான்தான் பிடித்து அழுத்தினேன்.

தீர்ப்பு வந்தது. கடைக்காரர் சீட்டில்லாமல் கொடுத்ததும், தினமும் என்று எழுதியதும் தவறு என்று ஆணையம் சொன்னது. ஆனால் புகார்தாரரும், குப்பையில் கிடந்த மாத்திரையை யாரிடமும் கேட்காமல் எடுத்து உட்கொண்டிருக்கிறார், இந்தக் கேட்டில் அவர் பங்கும் பெரிது என்றும் சொன்னது. கேட்டதில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எதிரே இருந்த காகிதத்தைப் படித்துச் சொன்னார்கள். காகிதத்தை எழுதியது நான்.

பணம் குறைந்ததைவிடப் பெரியது பின்னால் வந்தது. மகனுக்கு அன்றைக்குத்தான் அந்தக் குப்பைக் கதை தெரியும். போனில் அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான், குப்பையில பொறுக்கித் தின்னுட்டு ஊரெல்லாம் என்னை அலையவிட்டியே என்று. அதற்குப் பிறகு பல மாதம் அவளோடு பேசவே இல்லை. ஊர் சும்மா இருக்குமா? பழம் எடுக்கிற பெண்களுக்குள் அவளுக்கு ‘குப்பை மாத்திரை’ என்று பேர் விழுந்தது. மினி பஸ்ஸில் ஒரு நாள் என் காதிலேயே விழுந்தது. குப்பை மாத்திரை வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்க என்று ஒருத்தி சொன்னாள், பத்துப் பேர் சிரித்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாக உட்கார்ந்திருந்தது. கண்டக்டர் அதற்குச் சில்லறைகூடத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

போன வருஷம் மாரியம்மன் பொங்கலுக்கு மகன் ஊருக்கு வந்திருந்தான். கோபம் தணிந்து வந்தானா, ஊர் வரி கொடுக்க வந்தானா தெரியாது. கேள்விப்பட்டதும் கிளம்பினேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன்.

என்னைப் பார்த்ததும் அவன் பரபரப்பாக எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு, கடைக்கு ஓடிப்போய் ஒரு பாட்டில் கலர் வாங்கிவந்தான். மூடியைத் திறந்து கையில் கொடுத்தான். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் கலரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அந்த மாத்திரை குப்பையில் கிடக்கவில்லை தம்பி, நான்தான் கொடுத்தேன், வாரத்துக்கு ஒன்று என்று சொல்லாமல் விட்டதும் நான்தான், குப்பை என்று எழுதியதும் நான்தான்.

சொல்லி முடித்துவிட்டேன் என்று நெஞ்சு ஒரு நொடி லேசானது. அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியாது. குழந்தை எதையோ உளறும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி. “ஏலே, அவுக எனக்காகச் சொல்றாக. ஊர்ல என்னையக் கேலி பேசுறது டீச்சருக்குப் பொறுக்கல. தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாக” என்றாள். “கைநாட்டு வச்சு, சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்ல. பொய்யா சொல்லுவேன்?”

“இல்லக்கா, நான்தானே...” என்றேன்.

“சும்மா இருங்க டீச்சர்” என்றாள். என்னை அவள் அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

தாயி என்று சொல்லவில்லை. டீச்சர் என்றாள். அது பிரியமா, பயமா என்று எனக்குத் தெரியாது. பிரியம் என்று நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவள் சாய்ந்திருந்த சுவர் நிற்கிற இடத்தின் பட்டா எங்கள் அய்யா பேரில் இருக்கிறது. அவளுக்கும் அது தெரியும். சத்தியப் பத்திரம் பொய் என்றால் கோர்ட்டில் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. எப்போதும்போல நான் கேட்கவில்லை.

மகனின் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினான், ஆஸ்பத்திரியில் கூப்பியது மாதிரியே. “நீங்க எதுக்கு டீச்சர் இந்தப் பழியச் சுமக்குறீக? அன்னைக்கு நீங்க பேரு சொல்லலேன்னா எங்கம்மா இல்ல. உங்க மனசு யாருக்கு வரும்?”

நான் இரண்டாம் தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் அம்மாவின் சீட்டையும், டாக்டர் அளவு மாற்றிய தேதியையும் எடுத்துவந்து காட்டியிருக்கலாம். பாதி ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். சொல்லிப் பார்த்துவிட்டோம், நம்பவில்லை என்றால் நாம் என்ன செய்வது என்று மனசு அதற்குள் கணக்கை முடித்துவிட்டது.

“கலர் சூடாகுது, குடிங்க டீச்சர்” என்றான் அவன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் குடிப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு என்று சொன்னேன் இல்லையா? பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து, அவர்கள் இருவரும் பார்க்க, முழுவதையும் குடித்தேன்.